வீட்டுச் சந்தில் போட்ட தார்ப்பாதையில் விரிசல்: சிமென்ட் ஊற்றியது பெயர்ந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

சந்துவீட்டான்
ஜனவரி 11, காலை 8.20

வணக்கம். எங்கள் வீடு பெங்களூரு ஹொரமாவில். ரோட்டிலிருந்து வாசல் வரை 28 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு சந்து, முழுக்க எங்களுடையது. 2011இல் தெருவுக்கு ரோடு போட வந்தபோது, அப்பா ஆட்களுக்கு டீ, பன், கையில் கொஞ்சம் பணம் என்று கொடுத்து, மிச்சமான கலவையைச் சந்துக்குள் கொட்டச் சொல்லி ரோலரையும் இரண்டு தடவை ஓட்ட வைத்துவிட்டார். பத்து வருடம் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது மூன்று இடத்தில் தொல்லை. ஒன்று, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 14 மீட்டருக்கு ஒரே நீள விரிசல், சுண்டுவிரல் நுனி நுழையும். இரண்டாவது, கேட்டுக்குப் பக்கத்தில் பிறை மாதிரி வளைந்த விரிசல். மூன்றாவது, மோட்டார் ரூமுக்கு எதிரே முறம் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருக்கிறது, மிதித்தால் லேசாக ஆடுகிறது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு கொத்தனார் சிமென்ட் பால் கலக்கி எல்லாவற்றிலும் ஊற்றினார். பார்க்க வெள்ளைக் கோடு போட்டது போல அழகாக இருந்தது. நேற்று சந்தைப் பெருக்கும்போது சுவரோர விரிசலிலிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சிமென்ட் அப்படியே பல்பம் போலக் கையில் வந்துவிட்டது. அடிப்பக்கம் ஈரம், அதில் எறும்பு முட்டை.

இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை மொத்தமாகப் பெயர்த்துவிட வேண்டியதுதானா?

பேவர்_பக்தன்
ஜனவரி 11, காலை 9.05

பெயர்த்துவிடுங்கள். பேவர் பிளாக் போடுங்கள். ஒரு கல் இறங்கினால் அதை மட்டும் எடுத்து மணல் போட்டு வைத்துவிடலாம். வீட்டுக்குள் தார் போடுவது வெயில் காலத்தில் அடுப்பைக் கட்டிக்கொள்வது மாதிரி.

அல்சூர்வாசி
ஜனவரி 11, காலை 10.40

அந்த மிச்சக் கலவை எங்கள் வரிப்பணம் சார். 2011இல் நீங்கள் வாங்கிய கடன்தான் இப்போது விரிசலாக வட்டி கேட்கிறது.

ரசமட்டம்
ஜனவரி 11, இரவு 9.15

தம்பி, கொத்தனாரைத் திட்டாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து சிமென்ட். தார் வெயிலில் விரியும், ராத்திரி சுருங்கும், கார் ஏறினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சிமென்ட் அப்படி வளைந்து கொடுக்காது. இரண்டையும் ஒட்ட வைத்தால் ஓரம் விட்டுப்போகும், விட்ட ஓரத்தில் தண்ணீர் இறங்கும். சிமென்ட் இருந்ததால் அந்த ஈரம் வெயிலில் உலரக்கூட வழியில்லாமல் போனது. உங்கள் எறும்புக்கு வீடு கட்டிக் கொடுத்தது அவர்தான்.

நான் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஓசூர், அப்புறம் பெங்களூரு என்று 31 வருடம் ரோடு கான்ட்ராக்டில் சூப்பர்வைசராக இருந்தவன். மிச்சக் கலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் ரோட்டுக்குப் போடும் வி.ஜி.30 தாரை 150 முதல் 165 டிகிரி சூட்டில் கலப்பார்கள். பரப்பும்போது 140க்குக் குறையக்கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90க்குக் கீழே போயிருக்கக்கூடாது. தெரு முழுக்கப் போட்டு முடித்து, லாரியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிக் கொட்டும்போது அந்தச் சூடு எங்கே இருக்கும்? ஆறிப்போன கலவை அழுந்தாது, உள்ளே காற்று இடைவெளி நிற்கும். அந்த வழியாகத் தண்ணீரும் காற்றும் போய்த் தார் சீக்கிரம் வறண்டு முறுக ஆரம்பிக்கும். அப்படியிருந்தும் இத்தனை வருடம் தாங்கியது என்றால், அடியில் உள்ள மண் நல்ல மண்.

பெயர்ப்பதா வேண்டாமா என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மூன்று விரிசல் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அது மூன்று வேறு வியாதியாகத் தெரிகிறது. ஒரே மருந்தை மூன்றுக்கும் ஊற்றியதுதான் தப்பு. நாளை காலை வெயில் ஏறும் முன் சந்து முழுக்கத் தண்ணீர் அடியுங்கள். எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மேல்பரப்பு முழுக்கக் காய்ந்த பிறகும் எந்த விரிசலின் ஓரம் மட்டும் கறுப்பாக ஈரம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கார் ஏறி இறங்கும்போது விரிசலிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் மேலே வருகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்துச் சொன்னால் மேலே பேசலாம்.

சந்துவீட்டான்
ஜனவரி 13, மாலை 6.30

சார், சொன்னபடி செய்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பொங்கலுக்குச் சந்து கழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுவரோர விரிசல் பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. பிறை விரிசலும் அப்படித்தான், ஆனால் அதன் உள்வளைவு ஒரு விரலளவு இறங்கியிருக்கிறது, தண்ணீர் அங்கேதான் நின்றது. மோட்டார் ரூம் எதிரே மாலை நான்கு மணிக்கும் கட்டங்களுக்கு நடுவே ஈரக்கோடு இருந்தது. காரை ஏற்றினேன். கட்டங்களுக்கு இடையில் செந்நிறக் குழம்பு பிதுங்கி வந்தது, பல் தேய்க்கும் பேஸ்ட் மாதிரி.

இன்னொன்று. பிறை விரிசலை வரைந்து அப்பாவிடம் காட்டினேன். உடனே சொல்லிவிட்டார், அது 2019இல் மழைநீர் சேமிப்புக்காகத் தோண்டிய உறிஞ்சு கிணறு இருக்கும் இடம் என்று. கிணற்றைச் சுற்றி மண் போட்டு மூடி, மேலே ஏதோ ஒரு கலவையைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரசமட்டம்
ஜனவரி 13, இரவு 8.50

பாதி வைத்தியம் முடிந்தது.

கிணற்றுக்குத் தோண்டும்போது கிணற்றை விட அகலமாகத் தோண்டியிருப்பார்கள், மூடும்போது ஒரே தடவையில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்திருப்பார்கள். அரை அடிக்கு அரை அடி போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்கவில்லை என்றால் அந்த மண் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். விரிசல் வளைந்து வந்தால் அடியில் யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 60க்கு 40 மனை வைத்திருக்கிற பழைய வீடுகளுக்கும் 2009இல் குடிநீர் வாரியம் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, இந்த ஊரில் இந்த மாதிரி பிறையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிணறு வேண்டியதுதான். மூடியவிதம்தான் பிழை.

மோட்டார் ரூம் எதிரே இருப்பதை ரோடு வேலையில் முதலைத்தோல் என்போம். செங்குழம்பு வந்ததால் சந்தேகமே இல்லை, அடித்தளம் ஊறிப் போயிருக்கிறது. அதில் எதை ஊற்றினாலும் காசு வீண். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, நிரம்பி வழியும் பைப் எங்கே போகிறது?

சுவரோரம் ஒன்றுதான் நேர்மையான விரிசல். ரோலரின் சக்கரம் சுவரை ஒட்டிப் போக முடியாது, அதனால் ஓரம் சரியாக அழுந்தியிருக்காது. அதை மட்டும் நீங்களே அடைத்துவிடலாம்.

மாடித்தோட்டம்
ஜனவரி 14, காலை 7.10

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு முன் தார்ப் பகுதியில் விரிசல் வழியாக அருகம்புல்லும் கோரையும் வருகிறது. பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்க வேண்டியதில்லை, அதுவரை சந்தோஷம். கோரைதான் தார் மேலேயே முளைக்கிறது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன், இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. வெளியே நடைபாதையில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் வேர் ஒரு மூலையைத் தூக்கிவிட்டது. வேரை வெட்டலாமா?

ரசமட்டம்
ஜனவரி 14, காலை 11.00

அம்மா, கோரைக்கு அடியில் கிழங்கு இருக்கிறது. அது தாரையே துளைத்துக்கொண்டு வரும். மேலே வெந்நீர் ஊற்றினால் இலைதான் வாடும். பழைய ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிழங்கோடு நெம்பி எடுங்கள். இரண்டு மூன்று தடவை எடுத்த பிறகு அடையுங்கள். பச்சையாக ஒரு வேர் இருந்தாலும் அடைத்ததைத் தள்ளிக்கொண்டு வரும்.

மரத்தின் தடித்த வேரில் கை வைக்காதீர்கள். ஒரு பக்க வேரை எடுத்துவிட்டால் ஏப்ரல் மே மாதத்துக் காற்று மழையில் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. கர்நாடகத்தில் 1976ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மர அலுவலரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். அந்த மூலையில் மட்டும் தாரை எடுத்துவிட்டு ஜல்லியோ பேவரோ போட்டு விடுங்கள், வேர் தூக்கினால் தூக்கட்டும்.

பேவர்_பக்தன்
ஜனவரி 14, பகல் 12.20

ஆக, ரசமட்டம் சாரே பேவர் என்று சொல்லிவிட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

சூடு_தார்
ஜனவரி 15, மாலை 4.45

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஒரு டின் தார் வாங்கி, மூன்று கல் வைத்து விறகு மூட்டி உருக்கி, பழைய டீ கெட்டிலில் ஊற்றி விரிசலில் விட்டால் முடிந்தது. எங்கள் ஊரில் குளியலறை ஒழுகலுக்கே அப்படித்தான் செய்வோம். கூடவே பால் கவர் நாலைந்து போட்டு உருக்கினால் இன்னும் பிடிக்கும், இப்போது பிளாஸ்டிக் ரோடு என்று போடுகிறார்களே.

அல்சூர்வாசி
ஜனவரி 15, மாலை 6.10

அந்த மூன்று கல் அடுப்பை நானும் ஒரு தடவை மூட்டினேன், 2016இல். டின்னின் அடியில் மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது எனக்குத் தெரியாது. தார் இளகி சூடு ஏற ஏற அந்தத் தண்ணீர் ஆவியாகி, பால் பொங்குவது போல முழு டின்னும் பொங்கிவிட்டது. பாலாவது சுட்டுவிட்டு வழிந்து போகும், இது தோலோடு ஒட்டிக்கொள்ளும். இடது கால் மேல் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு விழுந்தது. நான் செய்த முட்டாள்தனம், அதைப் பிய்த்து எடுத்தது. தோலும் சேர்ந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் காலை வைத்து ஆற்றியிருக்க வேண்டும், ஒட்டியதை அப்படியே விட்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்று அப்புறம் சொன்னார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. தார் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவும் கூடாது, தகரத்தால் மூடவேண்டும் அல்லது மண்ணைப் போடவேண்டும்.

ரசமட்டம்
ஜனவரி 15, இரவு 9.30

அல்சூர்வாசி சொன்னதற்கு மேல் எச்சரிக்கை தேவையில்லை. எனக்கு இன்னொரு ஆட்சேபம். வி.ஜி.30 தார் 47 டிகிரிக்குக் கீழே இளகக்கூடாது என்பது தர விதி. அந்த 47 டிகிரியை ஏப்ரல் மாத மத்தியான வெயிலில் கறுப்புத் தரை சாதாரணமாகத் தாண்டிவிடும். ரோட்டில் ஜல்லி கவ்விக்கொண்டு நிற்பதால் தார் ஓடாது. விரிசலில் வெறும் தாரை ஊற்றினால் கவ்வ ஒன்றும் இல்லை, இளகி டயரோடு வரும், அப்புறம் உங்கள் செருப்போடு ஹாலுக்கு வரும். ரப்பரோ பாலிமரோ கலந்த சூடு மருந்து நல்லதுதான், ஆனால் அதைப் பதமாகக் காய்ச்சுவதற்கு அதற்கென்றே இயந்திரம் வேண்டும். 14 மீட்டருக்கு யாரும் அதைக் கொண்டு வர மாட்டார்கள்.

பால் கவர் விஷயம். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் தார் டின்னில் கவரைப் போடச் சொல்லவில்லை. தார் கலக்கும் பிளான்ட்டில் ஜல்லியைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் துகளாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் ஒவ்வொரு ஜல்லி மேலும் மெல்லிய சட்டை போட்ட மாதிரி படியும், அதன் மேல்தான் தார். நீங்கள் விறகு அடுப்பில் செய்தால் புகைதான் மிச்சம்.

வீட்டு வேலைக்கு எமல்ஷன்தான் சரி. தாரைத் தண்ணீரில் பொடித் துளியாக மிதக்க விட்டிருப்பார்கள், சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஊற்றியதும் தண்ணீர் பிரிந்து போய்க் கறுப்பாக மாறும். அடுப்பு வேண்டாம். அதிலும் ஆர்.எஸ். என்று ஆரம்பிப்பது சீக்கிரம் பிரியும், எஸ்.எஸ். மெதுவாகப் பிரியும். கிரஷர் பொடியோடு, அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் கல் பொடியோடு, கலந்து குழம்பாக்க நேரம் வேண்டும், அதனால் விரிசலுக்கு எஸ்.எஸ்.2 கேளுங்கள். பழையது மேல் புதுக்கலவை ஒட்டுவதற்குத் தடவ ஆர்.எஸ்.1. இரண்டும் சின்னக் கேனில் கிடைத்தால் வாங்குங்கள், பேரல் கணக்கில் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

அளவு சொல்கிறேன். 14 மீட்டர் நீளம், சராசரி 7 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்று வைத்தால் மொத்தக் குழி இரண்டரை லிட்டர்தான். எமல்ஷனில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 60 பங்குதான் தார், மீதி தண்ணீர், போய்விடும். அப்படிப் பார்த்தாலும் நாலு லிட்டர்.

சந்துவீட்டான்
ஜனவரி 19, இரவு 7.40

சம்ப் வழிகிற பைப்பைத் தேடினேன் சார். அது சந்துக்கு அடியில் போய்த் தெருச் சாக்கடையில் சேர்கிறது என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். சேரவில்லை. மோட்டார் ரூமிலிருந்து ஒன்றரை அடியிலேயே முடிந்துவிட்டது, மண்ணுக்குள் திறந்த வாயோடு. சம்ப் நிரம்பி வழிகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அங்கேதான் இறங்கியிருக்கிறது. அப்பா அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த பிளம்பர் அப்பவே அவசரப்பட்டான்" என்று மட்டும் சொன்னார்.

புதுப் பைப் போட்டு உறிஞ்சு கிணற்றுக்கே இணைத்துவிட்டோம். சம்பில் மிதவை வால்வும் மாற்றியாயிற்று.

அந்த முதலைத்தோல் இடம் 90 செ.மீ.க்கு 70 செ.மீ. இருக்கிறது. தோண்டுவதா?

ரசமட்டம்
ஜனவரி 19, இரவு 9.00

தோண்ட வேண்டும். ஆடுகிற இடத்தைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு சாண் நல்ல தார் வரும்வரை கட்டிங் மெஷினால் நேர்கோட்டில் சதுரமாக வெட்டுங்கள். முக்குகளை உருட்டாமல் கூர்மையாக விடுங்கள், பக்கங்கள் செங்குத்தாக நிற்கவேண்டும். முகத்துக்கு மாஸ்க். ஊறிய மண் எவ்வளவு ஆழமோ அவ்வளவையும் எடுத்துவிட்டு இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். அப்புறம் ஜல்லியும் கிரஷர் பொடியும் கலந்து, பிடித்தால் உருண்டையாகிற அளவு ஈரத்தோடு போட்டு, நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை இடித்து, மேலே 5 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். காய்ந்ததும் பக்கவாட்டிலும் அடியிலும் ஆர்.எஸ்.1 மெல்லிசாகத் தடவி, கறுப்பாகும்வரை காத்திருந்து, மூட்டையில் வருகிற கோல்ட் மிக்ஸை, அதாவது சூடாக்காமலே போடுகிற தார்க் கலவையை, போடுங்கள்.

நீங்கள் சொன்ன அளவுக்கே 70 கிலோ பிடிக்கும். நாலு பக்கமும் பெரிதாக வெட்டினால் இரட்டிப்புக்கு மேலேயே ஆகிவிடும், 25 கிலோ மூட்டை ஏழு சொல்லி வையுங்கள். சூடான கலவை இதைவிட நல்லதுதான். ஆனால் பிளான்ட்டில் ஒரு லாரிக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்கள். திரும்பவும் தெருவில் ரோடு போடும் வரை காத்திருக்கலாம் என்று அப்பா சொன்னால் கேட்காதீர்கள்.

சந்துவீட்டான்
பிப்ரவரி 2, இரவு 10.10

வேலை முடிந்தது. நேற்றும் இன்றும் நானும் தம்பியும் மட்டும். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சுவரோர விரிசலுக்குத்தான் அதிக நேரம் ஆனது, அதிலும் ஊற்றியது அரை மணி, சுத்தம் செய்தது ஆறு மணி நேரம். மிச்சச் சிமென்ட்டை மெல்லிய உளியால் தட்டி எடுத்தோம். கம்பி பிரஷ் போட்டு, பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து ஊதினோம். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு பிடி செம்மண்ணும் சருகும் வந்தது. ஒரு இடத்தில் 1 ரூபாய் நாணயம், தம்பி தன்னுடையது என்கிறான். சுத்தம் ஆகிவிட்டது என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்தால் பவுடர் போலத் தூசி ஒட்டியது, திரும்ப ஊதினோம். ஆழமான இடங்களில் மட்டும் காய்ந்த மணலைப் போட்டு, மேலே அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இடம் விட்டோம்.

எஸ்.எஸ்.2வில் கிரஷர் பொடியைச் சலித்துப் போட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்கினோம். கடைக்காரர் ஒரு கைப்பிடி சிமென்ட்டும் போடச் சொன்னார், சீக்கிரம் இறுகுமாம். சிமென்ட் என்ற பேச்சைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது, சார் சொல்லவேண்டும் அது சரியா என்று. எதற்கும் போட்டேன்.

ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு விரிசலில் விட்டோம், பழைய பாத்ரூம் வைப்பரால் மேலே இழுத்தோம். விளிம்பு வரை தளும்ப ஊற்றியதும் ஆகா என்று இருந்தது. காலையில் பார்த்தால் நடுவில் வாய்க்கால் போலக் குழிந்திருக்கிறது. ரசமட்டம் சார் தண்ணீர் போய்விடும் என்று எழுதியதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டாவது தடவை ஊற்றி மேலே பொடி தூவினோம்.

நடுவில் ஒரு விபத்து. பக்கத்து வீட்டுப் பூனை, எமல்ஷன் பழுப்பாக இருக்கும்போதே குறுக்கே நடந்து, சுவரேறி, அவர்கள் வெள்ளைக் கிரானைட் படியில் வரிசையாகப் பாதம் வைத்துவிட்டது. பழுப்பாக இருந்தவரை தண்ணீரிலேயே போயிற்று. கறுத்த பிறகு பார்த்த மூன்று பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயும் துணியுமாக ஒரு மணி நேரம். பூனையைப் பிடிக்க முடியவில்லை.

முதலைத்தோல் குழியில் முக்கால் அடி வரை சேறு. கோல்ட் மிக்ஸை இரண்டு அடுக்காகப் போட்டு, தரையை விட ஒரு சென்டிமீட்டர் உயரமாக நிறுத்தி, திமிசுக்கட்டையால் இடித்தோம். தோள் விட்டுப்போய்விட்டது. கடைசியில் ஒரு பிளைவுட் பலகை வைத்து அதன் மேல் காரை முன்னும் பின்னும் ஓட்டினோம்.

ரசமட்டம்
பிப்ரவரி 3, காலை 6.30

கைப்பிடி சிமென்ட் சரிதான். அந்தக் குழம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குள் சிமென்ட் போடுவது வழக்கம், எமல்ஷன் பிரிவதைக் கட்டுப்பாட்டில் வைக்கும். தனியாக ஊற்றினால் எதிரி, சிட்டிகை போட்டால் சிநேகிதன்.

இரண்டு வாரத்துக்கு அந்தக் குழி மேல் ஸ்கூட்டரைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், உரல் குழி மாதிரி இறங்கிவிடும். வேறு வழியில்லை என்றால் ஒரு டைல்ஸ் துண்டு அடியில் வையுங்கள். பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் ஒரு சொட்டும் சொட்டக்கூடாது. தாரும் அதே பெட்ரோலிய வயிற்றில் பிறந்தது, பார்த்ததும் கரைந்து போய்விடும்.

பிறை விரிசலை என்ன செய்தீர்கள்?

சந்துவீட்டான்
பிப்ரவரி 3, காலை 9.15

அதையும் அதே குழம்பால் அடைத்தோம் சார். தோண்டித் திரும்ப இடிக்க அப்பா சம்மதிக்கவில்லை. கிணற்று மூடியைத் தொட்டால் அது வேறு வேலையில் போய் முடியும் என்கிறார்.

பேவர்_பக்தன்
பிப்ரவரி 3, காலை 9.50

இரண்டு நாள், இரண்டு ஆள், கம்ப்ரஸர் வாடகை, கட்டிங் மெஷின் வாடகை, தோள் வலி, பூனை. பேவர் என்றால் ஆட்கள் வந்து போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நீங்கள் காபி குடித்திருக்கலாம்.

மாடித்தோட்டம்
பிப்ரவரி 3, காலை 11.30

பேவர் தம்பி, எங்கள் அக்கா வீட்டுப் பேவருக்கு நடுவிலும் கோரை வருகிறது. அங்கே இன்னும் செழிப்பு. சரியாக இடிக்காமல் போட்டதால் கார் சக்கரம் போகிற தடத்தில் இரண்டு வாய்க்கால் வேறு.

பேவர்_பக்தன்
பிப்ரவரி 3, பகல் 1.00

அடியில் சரியாக இடிக்காவிட்டால் எதுவும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன் மேடம். கோரை விஷயத்தில் பதில் இல்லை.

புதுசா_வந்தவன்
மார்ச் 8, இரவு 11.20

இழை முழுக்கப் படித்தேன். எங்கள் அபார்ட்மென்ட் உள்பாதையில் முடி அளவு விரிசல்தான், ஆனால் எங்கும் இருக்கிறது. அசோசியேஷனில் மே மாதம் வேலை வைக்கலாம் என்கிறார்கள். இந்தக் குழம்பே போதுமா?

ரசமட்டம்
மார்ச் 9, காலை 7.00

3 மி.மீ.க்குக் குறைந்த விரிசலுக்குள் குழம்பு போகாது. எஸ்.எஸ். எமல்ஷனைத் தண்ணீர் விட்டு இளக்கி முழுப் பரப்பிலும் மெல்லிசாகத் தெளித்து, மேலே கிரஷர் பொடி தூவ வேண்டும். பொடி தூவாவிட்டால் மழையில் வழுக்கும், வயதானவர்கள் நடக்கும் இடம் என்று நினைவில் வையுங்கள். மே வேண்டாம். பெங்களூரில் மத்தியானம் வெயில் அடித்துவிட்டு நாலு மணிக்குக் கொட்டும், பாதி காய்ந்த எமல்ஷன் எல்லாம் காபித் தண்ணீராகச் சாக்கடைக்குப் போய்விடும். இந்த மாதமே முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் டிசம்பர் கடைசி.

அப்புறம், சரிவு இருக்கிறதா என்று கொத்தனாரின் டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை, வைத்துப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்துக்கு 6 செ.மீ. இறக்கம் வேண்டும். அது இல்லாமல் தண்ணீர் தேங்கினால் வருடா வருடம் தெளித்துக்கொண்டே இருப்பீர்கள்.

சந்துவீட்டான்
ஜூன் 9, மாலை 7.05

மே மாதம் முழுக்க அடித்த மழைக்குப் பிறகு எழுதுகிறேன். மோட்டார் ரூம் எதிரே அசையவில்லை. சுற்றி இருக்கிற பழைய தாரை விடக் கறுப்பாக, துணிக்கு ஒட்டுப் போட்டது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். காரை ஏற்றிப் பார்த்தேன், செங்குழம்பு வரவில்லை. சுவரோர விரிசலில் ஒரே ஒரு இடத்தில், நாங்கள் அவசரத்தில் சரியாக ஊதாமல் விட்ட கடைசி ஒரு மீட்டர், ஓரம் விட்டிருக்கிறது.

பிறை மட்டும் திரும்ப முடி அளவுக்குத் திறந்துவிட்டது. உள்வளைவு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரசமட்டம்
ஜூன் 9, இரவு 8.40

அது இறங்கத்தான் செய்யும், அடியில் இருப்பது இடிக்காத மண். செப்டம்பர், அக்டோபர் மழையும் போகட்டும். ஜனவரியில் திறந்து பார்த்து, முடிந்தால் அப்பாவைச் சமாதானப்படுத்தி மண்ணை இடித்துப் போடுங்கள். முடியாவிட்டால் அதே குழம்பை இன்னொரு தடவை ஊற்றுங்கள். மிச்சம் இருக்கிறதா?

சந்துவீட்டான்
ஜூன் 9, இரவு 9.10

பாதிக் கேன் மாடிப்படிக்குக் கீழே இருந்தது சார். இப்போதுதான் திறந்து பார்த்தேன். மூடியைச் சரியாகத் திருகவில்லை போல, மேலே ஆடை கட்டி, அடியில் கறுப்பாகக் களி மாதிரி உறைந்து, நடுவில் தண்ணீர் தனியாக நிற்கிறது. கலக்கினாலும் சேரவில்லை.

ரசமட்டம்
ஜூன் 9, இரவு 9.25

பிரிந்துவிட்டது, இனி சேராது. ஜனவரியில் புதுசு வாங்குங்கள், சின்னக் கேனாக. இதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வெயில் வரும்போது திறந்து வைத்துக் கட்டியாக்கி, கட்டட இடிபாடு எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அல்சூர்வாசி
ஜூன் 9, இரவு 10.00

பூனை எப்படி இருக்கிறது?

சந்துவீட்டான்
ஜூன் 9, இரவு 10.12

குட்டி போட்டிருக்கிறது. மோட்டார் ரூமில்.